திண்ணை மணலும் கல்லூரி இளைஞரும்

(தரங்கம்பாடி வட்டாரக் கல்லூரி மாணவரிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள், இவ்வூர்க் கரையில் இளைஞர் ஒருவர் கப்பலினின்று இறங்கினார். அவர்க்கு அகவை ஏறத்தாழ 24. செருமானிய நாட்டு ஆல்லே பல்கலைக்கழகத்திற் பயின்றவர். தென்மார்க்கு அரசன் நான்காம் பிரெடரிக்கு விடுத்த கிறித்தவத் தொண்டர் இருவருள் ஒருவர். பர்த்தலோமேயு சீகன்பால்கு என்பது அவர் பெயர். தமிழ்நாட்டுக் கரையில் தமிழ் அறியாமல் ஒன்றும் செய்ய இயலாது என்பதை வந்த சில நாள்களிலேயே அவர் உணர்ந்தார். உணர்ந்தவர் என்ன செய்தார்? அகரமுதலி கேட்டு அடம்பிடிக்கவில்லை. இலக்கண நூல் அச்சாகி வரட்டும் என்று காத்திருக்கவுமில்லை. இவ்வூரில் திண்ணைப் பள்ளி நடத்திவந்த முதிய கணக்காயர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியையே தம் இருப்பிடத்திற்கு மாற்றச் செய்தார். பிறகு சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்தார். மணலைப் பரப்பி, விரலை ஊன்றி, வாயால் ஒலித்துக்கொண்டே 'அ' எழுதினார்.

இந்தக் காட்சியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பல்கலைக்கழகம் கண்ட ஒருவர்க்கு ஐந்தும் ஆறும் ஆண்டு நிரம்பிய தரங்கம்பாடிச் சிறுவர்கள் உடன்மாணாக்கர்! தமிழின் ஒலி அச்சிறுவர்க்கு முன்பே நாவில் இருந்தது; அவர்க்கு இல்லை. ஆகவே எழுத்தில் ஒத்த நிலையினராக இருந்தும் ஒலியில் அச்சிறுவரே அவர்க்கு மூத்தோர். இரண்டே ஆண்டு சென்றபின், 1708இல், அவர் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் செருமானிய மொழியில் பெயர்த்தார். அவை எத்தகைய நூல்கள்? திண்ணைப் பள்ளிச் சிறுவன் அரிச்சுவடி முடித்ததும் கையில் எடுப்பவை. அதே ஆண்டில் தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியலும் வரைந்தார். 1716இல் அவருடைய தமிழிலக்கணம் இலத்தீன் மொழியில் ஆல்லே நகரில் அச்சாயிற்று. 1719இல், அகவை நாற்பதைத் தொடுமுன்னரே, இவ்வூரிலேயே மறைந்தார்.

இவ்வரலாறு மேடைகளில் வேறு வகையாகச் சொல்லப்படுகிறது. அயலார் வந்தனர், பள்ளி திறந்தனர், அச்சுப்பொறி கொணர்ந்தனர், அதன்பின் தமிழர் எழுத்தறிந்தனர் என்பது அக்கதையின் போக்கு. அவர்கள் செய்தது சிறிதன்று. 1707இலேயே இங்குப் பெண் குழந்தைகட்குப் பள்ளி தொடங்கியதும், 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகியதும், அதன் பொருட்டுப் பொறையாற்றுப் பக்கத்தில் தாள் செய்யும் பட்டறை எழுந்ததும் நன்றியோடு நினைக்கத் தக்கவை. அவ்விடம் இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே வழங்குகிறது. (தமிழ் முதன்முதல் அச்சேறியது இங்கேதான் என்று சிலர் முழங்குவது மட்டும் பிழை. 1578லேயே கொல்லத்தில் தமிழெழுத்தில் நூல் அச்சாயிற்று.) ஆனால் கதையின் வரிசை தலைகீழாக உள்ளது. பள்ளி இங்கு முன்பே இருந்தது, கணக்காயர் இருந்தார், மணல் இருந்தது. வந்தவர்தாம் முதலில் மாணாக்கர் ஆனார்.

ஊர்ப்பெயர் பற்றியும் ஒரு சொல். தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் வடசொல். பாடி என்பது குடியிருப்பு. 'அலைகள் பாடும் ஊர்' என்று விரிப்பது காதுக்கு இனிய புனைவேயன்றி வரலாறு அன்று. மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டில் இவ்வூர்க்குச் சடங்கன்பாடி என்ற பெயர் உண்டு. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்றுக் கோட்டை கட்டிய தென்மார்க்கினர் வாயில் அது 'திராங்கிபார்' ஆயிற்று. இது நிற்க.

திண்ணைப் பள்ளியில் கற்பித்தல் எவ்வாறு நடந்தது? கணக்காயர் ஒருவர், மாணாக்கர் இருபதின்மர், முப்பதின்மர். ஒருவன் அகரத்தில் இருப்பான்; ஒருவன் எண்சுவடியில் இருப்பான்; மற்றொருவன் நிகண்டில் இருப்பான். எல்லாரையும் ஒருங்கே அமர்த்தி ஒரே பாடம் சொல்லும் வழக்கம் அங்கில்லை. ஆகவே முன்னேறியவன் பின்வந்தவனின் விரலைப் பிடித்தான். அவர்களுள் தலையாயவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பாடம் கேட்பதும், பிழை திருத்துவதும், கணக்காயர் இல்லாதபோது பள்ளியை நடத்துவதும் அவன் பொறுப்பு.

இம்முறைக்கு வேறொரு கரணியமும் உண்டு. அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக் கிழியும். ஆதலால் பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமும் ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும். ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. அத்தகைய ஓலையைக் கண்ணால் மட்டும் பார்த்துப் படித்தல் புதியவனுக்கு இயலாது. முன்பே அறிந்தவன் ஒருவன் அருகிலிருந்து வாயால் சொல்ல வேண்டும். எழுத்து, ஒருவர் நாவினின்று மற்றொருவர் செவிக்குச் சென்று, அதன்பின்னரே கண்ணுக்கு வந்தது. இன்று புள்ளியும் உண்டு, அச்சும் உண்டு. ஆனால் ஆறு அகவைக் குழந்தைக்கு எழுத்து இன்னும் அந்த வழியாகத்தான் வருகிறது என்பதை ஒன்றாம் வகுப்பில் ஒரு வாரம் அமர்ந்து பார்த்தவர் அறிவர்.

இனித் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்குச் செல்ல வேண்டும். ஏனெனில் இந்த மணல் அங்கிருந்துதான் கடல் கடந்தது. 1789இல் எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்க்குப் பிறந்து களைகணற்றுப் போன சிறுவர்க்கென ஓர் இல்லம் அமைந்தது. அதன் பொறுப்பாளர் ஆந்திரூ பெல் என்னும் இசுக்காட்லாந்தியர். ஒரு நாள் காலை குதிரைமேற் சென்ற அவர், வழியில் தமிழ்ச் சிறுவர் சிலர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் உடன்படவில்லை. மணலில் எழுதுவதா என்று ஏளனம் செய்தனர் போலும். பெல் அவர்களை விட்டுவிட்டு, எட்டு அகவையே நிரம்பிய பிரிசுகன் என்னும் மாணவனிடம் கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். பெரியோர் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

1796இல் நாடு திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இலண்டனில் இதனைப் பற்றி நூல் வெளியிட்டார். சோசப்பு இலங்காசுட்டர் என்பவரும் இத்தகைய பள்ளிகளை நடத்திப் பரப்பினார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அஃது இங்கிலாந்து முழுதும் பரவியது. 1832இல் பெல் இறந்தபோது 12,000க்கு மேற்பட்ட பள்ளிகள் அம்முறையைக் கைக்கொண்டிருந்தன என்பர். அவர் வெசுட்டுமினிசுட்டர்க் கோவிலில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் பிறந்த ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு 'மதராசுக் கல்லூரி' என்று பெயர். அஃது இன்றும் நடைபெறுகிறது. எங்கோ வடகடலோரத்தில் இசுக்காட்லாந்துப் பிள்ளைகள் சென்னையின் பெயர் தாங்கிய பள்ளிக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர். அப்பெயர் அங்கு எப்படி வந்தது என்று சென்னையிற் கேட்டால் விடை சொல்வோர் சிலரே.

ஒன்றை நடுநிலையோடு கூறல் வேண்டும். மணலெழுத்தைத் தமிழ்ச் சிறுவரிடம் கண்டதாகப் பெல்லே எழுதினார். ஆனால் மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். அஃது எவ்வளவு பொருந்தும்? அவர்க்கு 166 ஆண்டு முன்னரே, 1623இல், இத்தாலிய வழிச்செலவினர் பியத்திரோ தெல்லா வல்லே கன்னட நாட்டு இக்கேரிப் பகுதியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர் நால்வரைக் கண்டார். தரையில் மணல் பரப்பி, பாடிக்கொண்டே கணக்கு எழுதினர். ஆசிரியர் எங்கே என்று கேட்டதற்கு, ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்வதாக விடை வந்தது. 1823இல் பெல்லாரி மாவட்டத் தண்டலராயிருந்த காம்பெல் என்னும் ஆங்கிலேயரும் தம் அறிக்கையில், முன்னேறிய மாணாக்கர் பின்னுள்ளோர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறை போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதி வைத்தார். ஆள வந்தவர் கையாலேயே எழுதப்பட்ட சான்று இது.

இவ்வளவில் நிறுத்திக் கைதட்டிக் கலைந்தால் இவ்வுரையால் ஒரு பயனும் இல்லை. திண்ணைப் பள்ளியில் குறையே இல்லை என்பார் அதனை அறியாதவர். சட்டாம்பிள்ளையின் கையில் சுவடி மட்டுமா இருந்தது? பிரம்பும் இருந்தது. ஒறுப்புகள் கொடியவை, உருப்போடுதல் மிகுதி. அதனினும் பெரிய குறை, திண்ணையில் யார்யாருக்கு இடம் கிடைத்தது என்பது. 1822இல் தாமசு மன்றோ ஆணையிட்டுச் சென்னை மாகாணம் முழுதும் எடுத்த கணக்கின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் கற்றனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை! வயலில் நாற்று நட்டவளின் மகளும், சேரியிற் பிறந்த மகனும் பெரும்பாலும் அந்த மணலைத் தொடவே இல்லை. தமிழர் பெருமையைப் பேசுவார் இந்த எண்ணையும் சேர்த்துப் பேசக் கடவர்.

இங்கிலாந்திலும் அம்முறை கெட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, ஓர் ஆசிரியர்க்கு மட்டும் சம்பளம் கொடுத்து, எஞ்சியதைச் சிறுவர் தலையில் ஏற்றினர். ஒருவன் ஒருவனின் விரலைப் பிடித்தது மறைந்து, ஊதுகுழலுக்கு எழுந்து அமரும் படைப்பயிற்சி வந்தது. மலிவு என்ற ஒன்றே அங்கு எஞ்சியது.

இனி இன்றைய நிலை. பிரதம் என்னும் அமைப்பினர் ஊர்ப்புறங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் படிப்புத் திறனைக் கணக்கெடுத்து வருகின்றனர். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள், இரண்டாம் வகுப்புப் பாடப் பகுதியைப் படிக்க வல்லோர் 2018இல் நூற்றுக்கு 40 பேர் அளவினர். கொரோனா என்னும் மகுடை நோயால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்தபின், 2022இல் அது நூற்றுக்கு 25 பேர் அளவிற்கு வீழ்ந்தது. 2024இல் ஓரளவு மீண்டது. மீண்ட பின்னும் பாதியை எட்டவில்லை. நோய்க்கு முன்னரே பாதிக்கு மேற்பட்டோர் படிக்க இயலாதிருந்தனர் என்பதை இவ்விடத்தில் மறத்தல் கூடாது. முதல்மொழி, மூத்தமொழி, உயர்தனிச் செம்மொழி என்றெல்லாம் முழங்கும் நாட்டில், அம்மொழியைத் தாயாகக் கொண்ட பத்து அகவைப் பிள்ளை அம்மொழியின் எளிய பத்தி ஒன்றைப் படிக்கத் திணறுகிறது.

இந்நிலை மாறக்கூடியதா என்பார்க்கு அண்மைச் சான்று உண்டு. 2021ஆம் ஆண்டு அத்தோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. ஊர்தோறும் தன்னார்வலர் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் ஏறத்தாழ இருபது குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அவர்களுள் மிகப் பலர் பெண்கள். கல்லூரிப் படிப்பு முடித்து வீட்டிலிருந்தோரும் படித்துக்கொண்டிருந்தோரும் திரளாக வந்தனர். மாதம் 1,000 உருபா அவர்க்குக் கிடைத்தது. ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆய்ந்த பொருளியலறிஞர் குழு ஒன்று, பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் குழந்தைகள் இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டது. பயிற்றுக் கல்லூரிச் சான்று இல்லாத பக்கத்து வீட்டு அக்கை ஒருத்தி, மாலையில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்ததன் விளைவு அது. மணல் இன்னும் வேலை செய்கிறது.

ஆனால் அத்திட்டத்தைப் போற்றும்போதே ஓர் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தில் நேர்ந்தது இங்கும் நேரலாகாது. இளைஞர் வந்து கற்பிக்கிறார், ஆகவே ஆசிரியர் பணியிடம் ஒழிந்தே கிடக்கட்டும் என்று எந்த அரசும் எண்ண இடங்கொடுத்தல் ஆகாது. கல்லூரி இளைஞன் ஆசிரியர்க்கு மாற்று அல்லன். ஆசிரியர் நாற்பது பேரைப் பார்க்கையில் விடுபட்டுப்போகும் நால்வர்க்கு அவன் அண்ணன். இந்த வரம்பு தெளிவாக இருந்தால் பள்ளியாசிரியரும் அவனை வரவேற்பார். இல்லையேல் ஐயத்தோடுதான் நோக்குவார், அது அவர் குற்றமுமன்று.

இளைஞர்காள்! இதுகாறும் சொன்னது குழந்தைக்கு வரும் பயன். கற்பிப்பவனுக்கு என்ன பயன் என்று கேட்பது தன்னலம் ஆகாது. அக்கேள்விக்குப் பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு விடை சொல்லியிருக்கிறார். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கனின் கல்வி எவ்வாறு நிறைகிறது என்று பகுத்துக் காட்டுமிடத்தில், ஆசிரியரிடம் நன்றாகக் கேட்டாலும் காற்பங்குதான் வரும் என்கிறார். உடன்பயில்வோரோடு பழகி ஆய்வதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு எப்பொழுது வரும்? தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது! கல்லூரியில் மூன்றாண்டு அமர்ந்து கேட்டு, தோழரோடு படித்து, தேர்வெழுதிப் பட்டம் பெற்றவன், ஒருவர்க்கும் ஒன்றும் சொல்லிக்கொடாமல் வீடு திரும்பினால், நன்னூலார் கணக்கில் அவன் பாதிக் கல்வியோடு திரும்புகிறான். பல்கலைக்கழகம் எத்துணை விழுக்காடு மதிப்பெண் போட்டாலும் அக்கணக்கு மாறாது.

இது வெறும் அறிவுரை அன்று. தமிழைப் பொறுத்தவரை உண்மையும் அதுவே. இன்றைய கல்லூரி மாணவருள் எத்தனை பேர்க்கு ஒரு பக்கம் பிழையின்றித் தமிழ் எழுத வரும்? வல்லினம் எங்கே மிகும் என்பது இருக்கட்டும். 'கறுப்பு', 'பொறுப்பு', 'உருவம்', 'உறவு' இவற்றில் ரகரம் எது, றகரம் எது என்று நடுவில் நின்றுவிடுவோர் பலர். இளைஞனிடம் இதைச் சொன்னால் வருந்துவான்; ஏழு அகவைக் குழந்தை முன்னே அமர்ந்து, 'அண்ணா, இந்த ர-வா அந்த ற-வா?' என்று கேட்கும்போது அவனே வீட்டுக்குச் சென்று அகரமுதலியைப் புரட்டுவான். அதைவிடச் சிறந்த தமிழ் வகுப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை.

இவ்வட்டாரத்தில் இதற்கு ஆளில்லை என்று சொல்ல இயலாது. 1972இல் தோன்றிய பொறையாற்றுக் கல்லூரி இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. மேலையூரில் பூம்புகார்க் கல்லூரி, மன்னம்பந்தலில் அ.வ.அ. கல்லூரி. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் கல்லூரிதோறும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குச் சென்று தெருக்கூட்டி, மரக்கன்று நட்டு, ஒளிப்படம் எடுத்துத் திரும்புவதை இழிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கன்று நட்டவன் மறுநாள் நீரூற்ற வருவதில்லை என்பதும் எல்லாரும் அறிந்ததே. குழந்தையின் படிப்பில் மறுநாள்தான் முதன்மை.

எங்கே செல்வது? சந்திரப்பாடிக்கும் சின்னங்குடிக்கும் செல்லலாம். கடலோரக் குடியிருப்புகளில் தாய் மீன் விற்கச் சென்றிருப்பாள். தந்தை கடலுக்குச் சென்றிருப்பான், அல்லது வலை பின்னிக்கொண்டிருப்பான். உள்ளே மேற்கு நோக்கிச் சென்றால் உழவுக் கூலியாளர் தெருக்கள். நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் மூத்த பெண்குழந்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நிற்கும். 'ஏன் பள்ளிக்கு வரவில்லை' என்று அதட்டுவதற்குப் போகிறவன் போகவே வேண்டா. அந்தத் தம்பியையும் சேர்த்து அமரவைக்க இடமுண்டா என்று பார்ப்பவனே அங்குத் தேவை.

எவ்வாறு தொடங்குவது? முதற்பத்து நாளும் சுவடி வேண்டா, எழுதுகோல் வேண்டா, குழந்தை பேசட்டும். கடற்கரைக் குழந்தைக்குத் தெரிந்த சொல்லைக் கேட்டால் கல்லூரி இளைஞன் வியப்பான். கீழ்க்காற்றுக்குக் கொண்டல், வடகாற்றுக்கு வாடை, மேல்காற்றுக்குக் கச்சான் என்று ஐந்தாறு அகவையிலேயே அதற்குத் தெரியும். சாளை, திருக்கை, கெளுத்தி, வவ்வால், சுறா என்று மீனை உருவம் கண்டு பெயர் சொல்லும். கொண்டலும் வாடையும் பழந்தமிழ்ச் செய்யுளில் படித்துத் தேர்வில் பொருள் எழுதியவை அல்லவா? அவற்றை வாயில் வைத்திருக்கும் குழந்தை, பாடநூலில் எங்கோ உள்ள பனிக்கட்டியையும் தொடர்வண்டியையும் எழுத்துக்கூட்ட இயலாமல் 'படிக்காத பிள்ளை' என்று பெயர் வாங்குகிறது. வயற்புறக் குழந்தைக்கு நாற்று, வரப்பு, மடை, கதிர், களம், பதர், குறுவை, தாளடி. இவற்றையே முதற்சொற்களாக எழுதிக் காட்ட வேண்டும். தான் அறிந்த சொல் தரையில் உருப்பெறுவதைக் காணும் குழந்தையின் முகத்தை ஒருமுறை கண்டவன், மறுநாள் வராதிருக்க மாட்டான்.

எழுத்து வரிசையில் அகர முதலாகவே போக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டா. நெடுங்கணக்கு வரிசை ஒலியின் பிறப்பு நோக்கி அமைந்த அறிவியல் வரிசை. அதனைப் பாட்டாக நாவில் ஏற்றலாம். கைக்கு எளியது வேறு. 'ட' எழுதியவன் 'ப' எழுதுவான். 'ப' எழுதியவன் 'ம' எழுதுவான். இம்மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் கைக்கு வந்துவிட்டன. இடர்ப்பாடு வருவது கொம்பில்தான். 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்க, ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்பதில் இருபுறமும் குறி. குழந்தை இங்கே தடுமாறுவது மந்தத்தால் அன்று. கண் முதலிற் காண்பதை வாய் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு நாள் பிடிக்கும். விரைபவன் இவ்விடத்தில் குழந்தையை இழப்பான். மணலில் விரலால் பெரிதாக எழுதி, வாய்விட்டு ஒலித்து, அழித்து மீண்டும் எழுத இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. மணலில் பிழை நிற்பதில்லை. தாளில் சிவப்பு மையால் நிற்கும்.

பேச்சைத் திருத்துவதில் பெரும் எச்சரிக்கை வேண்டும். தூயதமிழ் விழைவோர்க்கே இதனைச் சிறப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது. குழந்தை 'வாளப்பளம்' என்றவுடன் சிரிப்பதும், 'அப்படிச் சொல்லாதே' என்று வெட்டுவதும் கூடாது. அதன் வீட்டில் அதன் தாய் அவ்வாறுதான் சொல்வாள். தாயின் வாயை இழிவாகக் கருதப் பழகிய குழந்தை எந்தத் தமிழை விரும்பும்? கற்பிப்பவன் தன் வாயில் ழகரத்தைச் சரியாக ஒலித்துக்கொண்டே இருந்தால் போதும், நாளடைவில் வரும். அதுபோலவே 'பஸ்', 'டீ' என்று வாய்க்கு வந்த சொல்லைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பேருந்து என்றும் தேநீர் என்றும் எழுதிக் காட்டினால், இரண்டையும் அறிந்து பெரியதாகும்போது தானே தேர்ந்துகொள்ளும். எழுத்தே அறியாத பிள்ளைக்குத் தூயதமிழும் இல்லை, கலப்புத் தமிழும் இல்லை.

ஒருவர்க்கு நான்கு குழந்தை, மிகின் ஐந்து. இருபது வேண்டா. கிழமைக்கு மூன்று மாலை, ஒருமுறைக்கு ஒரு மணி நேரம், குறைந்தது ஓராண்டு. தேர்வுக் காலத்தில் தான் வர இயலாதென்றால் முன்கூட்டியே சொல்லி, தன் தோழனை அனுப்புதல் வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்ட அண்ணனுக்காகத் திண்ணையில் காத்திருந்து இருட்டியபின் வீடு திரும்பும் குழந்தை, அடுத்து வருபவனை நம்பாது. மாணவியர் செல்லும் தெருவில் அவ்வூர்த் தாய்மார் ஒருவரையேனும் துணைக்கு வைத்துக்கொள்ளல் நலம். பள்ளித் தலைமையாசிரியரிடம் முதலிலேயே சென்று, எந்தக் குழந்தைகள் பின்தங்கியுள்ளனர் எனக் கேட்டறிதல் வேண்டும். பிரம்பு மட்டும் எக்கரணியத்தாலும் உடன் செல்லலாகாது.

கற்பிப்பவன் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். ஒரு பக்கத்தில் குழந்தை அன்று எழுதக் கற்ற சொற்கள். எதிர்ப்பக்கத்தில் அன்று குழந்தையிடமிருந்து தான் கேட்டறிந்த சொற்கள். காற்றின் பெயர், மீனின் பெயர், வலையின் உறுப்பு, நெல்லின் வகை, மடையின் பகுதி என எல்லாம் அதில் ஏறட்டும். ஆண்டு முடிவில் இரு பக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பொறையாற்றிலும் மேலையூரிலும் மன்னம்பந்தலிலும் பத்துப் பத்துப் பேர் எழுதினால் முப்பது குறிப்பேடு சேரும். அவற்றிலிருந்து அக்குழந்தைகளே படிக்கத்தக்க சிறு வாசிப்புச் சுவடி ஒன்றைக் கல்லூரித் தமிழ்த்துறையினர் தொகுத்துத் தரலாம். அதற்கு வேண்டிய தாளும் அச்சுக்கூலியும் திரட்டுவது இங்கு வந்துள்ள பெரியோர் பொறுப்பு. முதற்கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை. பெயர் கொடுக்க விழைவோர் இன்றே வாயிலில் உள்ள ஏட்டில், தம் பெயரோடு, தாம் நடந்து செல்லக்கூடிய தெருவின் பெயரையும் எழுதிச் செல்வாராக.